கவசம் யார் பொறுப்பு? புதுக்கோட்டைக் கல்குவாரிகளை முன்வைத்து

சித்தன்னவாசலிலும் குடுமியான்மலையிலும் நார்த்தாமலையிலும் பாறையைக் குடைந்து கோயில் எடுத்திருக்கிறார்கள். திருமயத்தில் குன்றின் தலையிலேயே கோட்டை நிற்கிறது. கல்லோடு இவ்வளவு நீண்ட பழக்கம் உள்ள மாவட்டங்கள் தமிழ்நாட்டில் குறைவு. இன்று அந்தப் பாறை ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் டிப்பர் லாரிகளில் ஏறுகிறது. கல்லே கிடைக்காத காவிரிப் படுகையின் சாலைகளும் வீடுகளும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்லை நம்பித்தான் எழுகின்றன. இந்தக் கல்லை உடைப்பவரின் தலைக்கும் கண்ணுக்கும் காலுக்கும் நெஞ்சுக்கும் யார் பொறுப்பு என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி.

இந்தக் கேள்விக்குக் குவாரியில் இரண்டு ஆயத்தப் பதில்கள் உண்டு. "ஹெல்மெட், மாஸ்க், ஷூ எல்லாம் வாங்கிக் கொடுத்தாச்சு, இவங்கதான் போட மாட்டேங்கிறாங்க" என்பது ஒன்று. "அதைப் போட்டுக்கிட்டா வேலை ஓடாது" என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருப்பதால்தான் சிக்கல் தீராமல் இருக்கிறது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லும் முன், எந்தக் கடமை முதலில் வருகிறது, எது அதற்குப் பின் வருகிறது என்ற வரிசையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

சட்டம் அந்த வரிசையை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 6-ஆம் பிரிவு முதலாளியின் கடமைகளைச் சொல்கிறது. நோயோ காயமோ உண்டாக்கும் ஆபத்து இல்லாத பணியிடத்தை அவர் தர வேண்டும். குறிப்பிட்ட வகைத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை செய்விக்க வேண்டும். பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் ஒரு காசும் வசூலிக்கக் கூடாது. தொழிலாளியின் கடமைகள் 13-ஆம் பிரிவில், இவ்வளவுக்கும் பிறகே வருகின்றன: தன் உடம்பையும் பக்கத்தில் இருப்பவர் உடம்பையும் கவனித்துக்கொள்வது, பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துழைப்பது, ஆபத்தைக் கண்டால் தெரிவிப்பது. அதை அடுத்த பிரிவு, ஆபத்து பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையையும் தொழிலாளிக்குத் தருகிறது.

இவை புதியவை அல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 114-ஆம் பிரிவே பாதுகாப்புச் சாதனத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. சுரங்கங்களுக்கான 1961-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், பாதுகாப்புக் காலணியை ஆறு மாதத்துக்கு மேற்படாத இடைவெளியில் இலவசமாகத் தர வேண்டும் என்றும், கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கப் போதிய இருப்பு வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தன. ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பழைய விதியிலேயே பதில் இருக்கிறது. கூர்மையான சக்கைக் கல்லின் மேல் நாள் முழுக்க நடக்கும் பூட்ஸுக்கு ஆயுள் குறைவு என்று தெரிந்தே அதை எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் ஒரு பெரிய விலக்கு இருந்தது. கட்டடக் கல், சாலை ஜல்லி, செம்புறைக்கல், கிராவல் போன்றவற்றைத் தோண்டும் திறந்தவெளிக் குழி ஆறு மீட்டருக்கு மேல் ஆழம் போகாமல், ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யாமல், வெடிமருந்தும் பயன்படுத்தாமல் இருந்தால் சட்டத்தின் பெரும்பகுதி அதற்குப் பொருந்தாமல் இருந்தது. சம்மட்டியும் உளியும் வைத்துக் கையால் கல் உடைத்த ஏழை மக்களின் இடங்கள்தாம் இப்படி வெளியே நின்றன. தூசியும் தெறிக்கும் சில்லும் ஆழத்தை அளந்து பார்த்து வருவதில்லை. சட்டம் எவரை முதலில் தாங்கியிருக்க வேண்டுமோ, அவர்களையே வெளியில் விட்டது.

உள்ளே இருந்தவர்களின் நிலையும் எளிதாக இல்லை. குத்தகை தருவது மாவட்ட ஆட்சியரும் கனிமவளத் துறையும். குவாரிக் குழிக்குள் பாதுகாப்பைப் பார்ப்பது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். அதன் தலைமையகம் தன்பாத்தில். குழியிலிருந்து கல் மேலேறிக் கிரஷருக்குள் நுழைந்தால் அது தொழிற்சாலை. மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் எல்லை. கிரஷரின் தூசி வேலி தாண்டி ஊருக்குள் வந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒரே கல், ஒரே தூசி, நான்கு அலுவலகங்கள். குழிக்குள் டிரில் அடிப்பவர் தன் மூச்சுத் திணறலை எந்த அலுவலகத்தில் சொல்வது?

பாறை விழுவது எல்லார் கண்ணுக்கும் தெரியும், மறுநாள் செய்தியாகும். தூசி செய்தியாவதில்லை, அதனால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கருங்கல்லில் குவார்ட்ஸ் என்னும் படிகச் சிலிகா கணிசமாக உண்டு. கம்ப்ரசரை ஓட்டி ஜாக்ஹேமரால் துளை போடும்போதும், கிரஷரின் தாடைக்குள் கல் நொறுங்கும்போதும், சல்லடையில் ஜல்லி குலுங்கும்போதும் அது பொடியாகிக் காற்றில் கலக்கிறது. கண்ணில் படும் வெள்ளைப் புழுதியின் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கொல்வது கண்ணுக்குத் தெரியாத, சில மைக்ரான் அளவே உள்ள துகள். அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய், அங்கே தழும்பை உண்டாக்குகிறது. இதுதான் சிலிகோசிஸ். பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டு கழித்தே வெளிப்படும். தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் இது பல மடங்கு கூட்டுகிறது.

தலையில் முக்காடும் வாயைச் சுற்றித் துண்டும் கட்டிக்கொண்டு வேலை செய்வதைக் குவாரிகளில் காணலாம். துண்டு பெரிய புழுதியைத் தடுக்கும். அந்த நுண்துகளைத் தடுக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் நீல நிற மாஸ்க்கும் அப்படித்தான். இதற்கென்றே உள்ள மூச்சுக்கவசங்களுக்கு ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. அவையும் முகத்தில் இடைவெளி இல்லாமல் ஒட்டினால்தான் பயன். தாடி இருந்தால் ஒட்டாது. வியர்வையில் நனைந்தால் மூச்சு இழுப்பதே கடினம். ஒரே மாஸ்க்கை வாரக்கணக்கில் ஆணியில் மாட்டிவைத்துப் போட்டால், உள்பக்கம் படிந்த தூசியையே சுவாசிக்க நேரும். ஆகவே மாஸ்க் கொடுப்பது என்றால் சரியான வகையை, சரியான அளவில், தேவையான எண்ணிக்கையில், போடக் கற்றுக்கொடுத்துக் கொடுப்பது. இதில் ஒன்று குறைந்தாலும் பதிவேட்டில்தான் மாஸ்க் இருக்கும், மூக்கில் இருக்காது.

எவ்வளவு தூசி அனுமதிக்கத்தக்கது? தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ஒரு சூத்திரம் தந்தது: பத்தை, குவார்ட்ஸின் சதவீதத்தோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். நுண்தூசியில் 30 சதவீதம் குவார்ட்ஸ் இருந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 0.3 மில்லிகிராம் தூசி வரை போகலாம். அதில் சிலிகா மட்டும் 0.09 மில்லிகிராம் அளவுக்கு வரும். அமெரிக்கா 2016-இல் தன் வரம்பை 0.05 மில்லிகிராமாகக் குறைத்தது. நம் வரம்பு அதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு தளர்வாக இருந்தது. அந்தத் தளர்ந்த வரம்பையும் அளந்து பார்க்கக் கருவி வேண்டும், ஆள் வேண்டும்.

மாஸ்க் கடைசி அரண். அதற்கு முன்னால் வர வேண்டிய அரண்கள் உலகம் அறிந்தவை. துளையிடும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சினால் தூசி பிறக்கும் இடத்திலேயே அடங்கும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கற்றுக்கொண்டன. நமக்கு அருகிலேயே, தமிழர்கள் பெருவாரியாக உழைத்த கோலார் தங்கவயலில், 1940-களில் நடந்த ஆய்வு பரிசோதிக்கப்பட்ட பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்ததைக் காட்டியது. பரீதாபாத் கல்குவாரிக் கொத்தடிமைகள் பற்றிய பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி அமர்வு கிரஷரில் இடைவிடாமல் தண்ணீர் தெளிக்கும் அமைப்போ தூசியை உறிஞ்சும் எந்திரமோ வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பில் கட்டளை முதலாளிக்கும் அரசுக்கும்தான். ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போனது. சமையலறை மேடைக்குப் பயன்படும் செயற்கைக் கல்லை அறுப்பவர்களுக்கு இளம் வயதிலேயே சிலிகோசிஸ் வருவதைக் கண்டு, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. பயிற்சியும் மாஸ்க்கும் கண்காணிப்பும் உள்ள நாடு, அவை போதவில்லை என்று ஒப்புக்கொண்டது. நம் குவாரிகளில் மாஸ்க் ஒன்றையே தீர்வாகச் சொல்வது எவ்வளவு பெரிய தப்பித்தல் என்பது இதை வைத்துப் பார்த்தால் புரியும்.

ஹெல்மெட்டுக்கும் இதே கதைதான். கைப்பிடி அளவுச் சில்லிலிருந்து அது தலையைக் காக்கும். அதற்காகவே கட்டாயம் வேண்டும். 2022 மே 14 இரவு நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் குவாரிக்குள் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். 2025 மே 20-இல், புதுக்கோட்டை எல்லைக்கு அடுத்த சிங்கம்புணரி வட்டாரத்தின் மல்லாக்கோட்டையில் பாறை சரிந்து ஐந்து பேர் அன்றே இறந்தார்கள். இப்படி மலை சரியும்போது எந்த ஹெல்மெட்டும் தாங்காது. குழியை மேலிருந்து படிப்படியாக, பெஞ்ச் விட்டு வெட்டி இறங்க வேண்டும். அடியைக் குடைந்து மேலே தொங்கலாகப் பாறையை விடக் கூடாது. அகலமாக வெட்டினால் குத்தகை நிலம் சீக்கிரம் தீரும், செங்குத்தாக இறங்கினால் கல் அதிகம் கிடைக்கும். இந்தக் கணக்கைப் போடுபவர் தொழிலாளி அல்ல.

அப்படியென்றால் தொழிலாளிக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. கொடுத்த கவசத்தைப் போடுவது, பழுதானால் சொல்வது, வெடி வைக்கும் நேரத்தில் எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் விலகி நிற்பது, எந்திரத்தின் காப்பு மூடியைக் கழற்றாமல் இருப்பது எல்லாம் அவர் கையில்தான். அவருடைய அலட்சியம் பக்கத்து ஆளையும் கொல்லும். 1948 சட்டம் கடமை தவறிய தொழிலாளிக்கும் மூன்று மாதச் சிறை வரை தண்டனை வைத்திருந்தது. ஆனால் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் நியாயமான ஓர் எல்லையைப் போட்டது. பாதுகாப்புக்கென்று வெளிப்படையாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியதாலோ, காப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியதாலோ காயம் பட்டால் முதலாளி இழப்பீட்டை மறுக்கலாம் என்றது அது. மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அந்தச் சாக்கும் செல்லாது என்றும் சொன்னது. "ஹெல்மெட் போடவில்லை, அதனால் காசு இல்லை" என்று இறந்தவரின் மனைவியிடம் சொல்லி அனுப்புவதற்கு அந்தச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை.

போடாமல் இருப்பதற்கான காரணத்தையும் பார்க்க வேண்டும். கல் உடைப்பதற்கும் ஏற்றுவதற்கும் பல இடங்களில் லோடு கணக்கில்தான் கூலி. மாஸ்க் போட்டால் மூச்சு வாங்கும், அடிக்கடி நிற்க வேண்டும், லோடு குறையும், கூலி குறையும். கண்ணாடியில் புழுதி படிந்தால் துடைக்க நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை கவசத்தைக் கழற்றும்போதும் கொஞ்சம் காசு கூடுகிறது என்றால், கழற்றச் சொல்வது அந்தக் கூலி முறையே. வாயால் "மாஸ்க் போடு" என்று சொல்லிவிட்டுக் கூலிக் கணக்கால் "கழற்று" என்று சொல்லும் முதலாளி தன் கடமையைச் செய்தவராக மாட்டார். வெயிலும் இதோடு சேர்கிறது. சித்திரையில் நிழலே இல்லாத புதுக்கோட்டைப் பாறைக் குழிக்குள், சூடேறிய கல் நடுவில், மூடிய மாஸ்க்கும் தடித்த பூட்ஸும் போட்டு எட்டு மணி நேரம் நிற்க முடியாது. நிழல், குடிநீர், மணிக்கொரு ஓய்வு ஆகியவை இங்கே கவசத்தின் பகுதியே. பெண்களுக்கு இன்னொரு தொல்லை. சந்தையில் கிடைக்கும் பூட்ஸும் கையுறையும் மாஸ்க்கும் பெரும்பாலும் ஆண்களின் அளவுக்குச் செய்தவை. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு, காலுக்குப் பெரிதான பூட்ஸில் கல் சுமக்கும் பெண் தடுக்கி விழுந்தால், பிழை அவர் காலில் இல்லை.

இவ்வளவையும் தாண்டிய பெரிய கேள்வி, முதலாளி யார் என்பது. குத்தகை ஒருவர் பேரில், குவாரியை நடத்துபவர் இன்னொருவர், ஆள் கொண்டுவருபவர் மேஸ்திரி, டிரில் அடிக்கத் தனி காண்டிராக்ட், வெடிக்குத் தனி ஆள். கையில் காசு கொடுப்பவரைத்தான் தொழிலாளிக்குத் தெரியும். அவரோ தானும் கூலிதான் என்பார். அதனால்தான் 6-ஆம் பிரிவின் பணி நியமனக் கடிதத்தை நான் முதல் பாதுகாப்புச் சாதனம் என்று சொல்வேன். அந்தத் தாளில்தான் பொறுப்பாளியின் பெயர் இருக்கும்.

முதலாளியே இல்லாமல் தொழிலாளிகளே குத்தகை எடுத்தால் என்ன ஆகும்? இதைச் சோதித்துப் பார்த்த மாவட்டமும் புதுக்கோட்டைதான். 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் ஊர் ஊராகப் பரவி, பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகிய அதே காலத்தில், அரசுக் கல்குவாரிகள் பல ஏழைப் பெண்களின் குழுக்களுக்குக் குத்தகையாகத் தரப்பட்டன. ஒப்பந்தக்காரரிடம் கடன்பட்டுக் கல் உடைத்தவர்கள் குத்தகைதாரர்கள் ஆனார்கள். கணக்கைத் தாங்களே எழுதினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதி நாடறியச் செய்தார். சைக்கிள் கதை இன்றும் பேசப்படுகிறது. குவாரிக் கதை அதைவிடப் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அதை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

அந்த அனுபவம் நம் கேள்விக்கு ஒரு வெளிச்சம் தருகிறது. லோடுக் கூலியின் நெருக்கடியும் இடைத்தரகரும் குறைந்தால், எப்போது ஓய்வெடுப்பது, எவ்வளவு உடைப்பது என்பது உழைப்பவர் முடிவுக்கு வருகிறது. ஆனாலும் தூசி அதே தூசிதான். தனக்குத் தானே முதலாளியான பெண், மாஸ்க்கின் செலவை யாரிடம் கேட்பார்? புறம்போக்குப் பாறைக்கு உடைமையாளர் அரசு. ஒவ்வொரு லோடுக்கும் சீனியரேஜ் தொகை வாங்குவதும் அரசு. பொறுப்புச் சங்கிலியின் முதல் கண்ணி அங்கேதான் இருக்கிறது. குத்தகை ஆணையில் எல்லைக் கல்லும் ஆழமும் எழுதுவதுபோல, துளையிடத் தண்ணீர், தூசி அளவீடு, ஆளுக்கு எத்தனை கவசம் என்பதையும் நிபந்தனையாக எழுதலாம். மீறினால் நடைச்சீட்டு நிறுத்தப்படும் என்றும் எழுதலாம். நடைச்சீட்டு இல்லாமல் லாரி நகராது, அதனால் அபராதத்தைவிட அது விரைவாக வேலை செய்யும்.

ஆபத்தைக் கண்டால் தெரிவிக்கும் கடமையையும் அது பற்றிய தகவலைக் கேட்கும் உரிமையையும் சட்டம் தருகிறது என்று மேலே சொன்னேன். அப்படி வாய் திறப்பது இந்த மாவட்டத்தில் எவ்வளவு எளிது? 2025 ஜனவரி 17-இல் திருமயம் அருகே, கல்குவாரி முறைகேடுகள் பற்றித் தொடர்ந்து மனுக் கொடுத்துவந்த ஜகபர் அலி டிப்பர் லாரி மோதி இறந்தார். விபத்து என்று தோன்றியது கொலை வழக்கானது, குவாரித் தொழிலில் இருந்தவர்கள் கைதானார்கள், விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர் ஒருவருக்கே இந்த நிலை என்றால், பூட்ஸ் கிழிந்துவிட்டது என்று அன்றாடக் கூலி எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வார்? புகாருக்காகக் காத்திராமல் அதிகாரிகளே முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கும் ஆய்வுதான் இங்கே தொழிலாளியின் உண்மையான உரிமை.

நோய் வந்தபின் உள்ள வழியும் எழுத்தில் நன்றாகவே இருந்தது. சிலிகோசிஸ் 1923 சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்வழி நோயாக இடம்பெற்றது. பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை பார்த்தவருக்கு இந்நோய் வந்தால், அவர்கள் அனைவரும் ஆணையர் சொல்லும் விகிதத்தில் இழப்பீட்டைப் பகிர வேண்டும் என்றும் அது சொன்னது. குவாரி குவாரியாகப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. ஆனால் அங்கே வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும். மறுபடியும் அந்த நியமனக் கடிதத்துக்கே வந்து நிற்கிறோம். ராஜஸ்தான் 2019-இல் தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதியானவருக்கு மூன்று லட்சமும் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சமும் அரசே தருவதற்கு வழி செய்தது. முதலாளியைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை நோயாளி காத்திருக்க வேண்டியதில்லை. சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் இருக்கும்போது, தமிழ்நாட்டில் இதைச் செய்யப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. கல் உடைப்பவர், கல் அறுப்பவர் என்ற பிரிவு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் பட்டியலிலேயே இருக்கிறது; உறுப்பினர் அட்டையையே வேலைச் சான்றாக ஏற்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நோய் கண்டுபிடிக்கப்பட வேண்டும். இருமலும் மெலிவும் மார்பு எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகளும் கண்டால் காசநோய் என்று எழுதுவது எளிது. சிலிகோசிஸ் பல நேரம் அதற்குள்ளேயே மறைந்துபோகிறது. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை, திருமயம் பக்கத்திலிருந்து இருமலோடு வருபவரின் சீட்டில், இதுவரை என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்தக் குவாரி என்ற மூன்று விவரங்களைக் கேட்டு எழுதப் பெரிய செலவு ஆகாது. அந்தச் சீட்டுகளை ஓராண்டு சேர்த்துவைத்தால், எந்தக் குவாரியில் தண்ணீர் ஊற்றாமல் டிரில் அடிக்கிறார்கள் என்பது ஆய்வாளருக்குத் தெரிந்துவிடும்.